சின்ன நாய்களின் பல் பராமரிப்பு: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் மட்டும் 11 சின்ன நாய்கள் இருக்கின்றன. பொமரேனியன், ஷிட்சூ, ஒரு பக், ஒரு டாக்ஸண்ட். சாயங்காலம் என் நாய் மின்னுவைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினால் யாராவது ஒருவர் அவரவர் நாயின் வாயைப் பற்றி ஏதாவது கேட்பார். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. பப்ளு என்ற பொமரேனியனை 13 வருடம் வளர்த்தவள். அவனுக்கு 8 வயதில், ஒரே நாளில், 14 பற்களை எடுக்க வேண்டி வந்தது. அதுவரை அவன் உதட்டைத் தூக்கி உள்ளே ஒருநாள்கூட நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும், கையால் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதுதான் இவ்வளவும். உங்கள் நாய்க்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அதன் வாயைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

தெரு நாய்க்கெல்லாம் யாரு பல்லு தேய்ச்சு விடுறாங்க? அதுங்க நல்லாத்தானே இருக்கு?

தெரு நாயின் வாயைத் திறந்து பார்ப்பவர் யாரும் இல்லை என்பதால் நல்லா இருப்பதாக நினைக்கிறோம். உடைந்த பல்லும் சீழ் பிடித்த ஈறும் அவற்றுக்கும் உண்டு. ஆனால் இரண்டு வித்தியாசங்கள் இருக்கின்றன. நம் ஊர்த் தெரு நாய்க்கு முகம் நீளம், தாடை நீளம், பற்களுக்கு நடுவே இடைவெளி உண்டு. அடுத்தது, தெருவில் பிறக்கும் நாய்களில் வயதாகும் வரை பிழைப்பவை கொஞ்சம்தான். நம் வீட்டுப் பொமரேனியன் 13, 14 வயது வரை இருக்கும். ஈறு நோய் வருடக்கணக்கில் மெதுவாக ஊறும் நோய். அதற்குத் தேவையான காலத்தை நீண்ட ஆயுளோடு சேர்த்து நாமே கொடுத்துவிடுகிறோம்.

சின்ன நாய்க்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை அதிகம்?

வளர்ந்த நாய்க்குப் பல் 42. ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் 42, மூன்று கிலோ சிவாவாவுக்கும் 42. நமக்கே 32தான். தாடை சுருங்கிய அளவுக்குப் பற்கள் சுருங்கவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏற்றின மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, சில சாய்ந்து, சில குறுக்கே திரும்பி நிற்கும். அந்த இடுக்குகளில் உணவும் அழுக்கும் தங்கிவிடும். நாக்கும் எச்சிலும் அங்கே போய்ச் சுத்தம் செய்ய முடியாது. ஷிட்சூ, பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இது இன்னும் மோசம். சில பற்கள் ஈறுக்குள்ளேயே புதைந்து வெளியே வராமலும் இருந்துவிடும். ஷிட்சூ வைத்திருப்பவர்கள் ஒரு வயது ஆகும்போது பற்களை எண்ணிப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். குறைந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி வந்து தாடை எலும்பை அரிக்கும்.

இதைவிட முக்கியமானது எலும்பின் பருமன். கீழ்த்தாடையின் பெரிய கடைவாய்ப் பல்லின் வேர், சின்ன நாய்களில் தாடை எலும்பின் அடிவிளிம்பு வரை இறங்கியிருக்கும். ஈறு நோய் அந்த வேரைச் சுற்றியுள்ள எலும்பைத் தின்றுவிட்டால் தாடையே மெலிந்துபோகும். சோபாவிலிருந்து குதித்ததில் தாடை முறிந்த சின்ன நாய்கள் உண்டு. பெரிய நாயின் தாடையில் எலும்பு தாராளமாக இருப்பதால் அங்கே இந்தப் பயம் குறைவு.

நாய் வாய்னா நாத்தம் இருக்கத்தானே செய்யும்?

இல்லை. சுத்தமான வாயில் சாப்பிட்ட சாப்பாட்டின் மணம் கொஞ்ச நேரம் இருக்கும், அவ்வளவுதான். கொஞ்ச வரும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அளவுக்கு நாற்றம் இருந்தால், ஈறுக்கு அடியில் கிருமிகள் வேலை செய்கின்றன என்று பொருள். பப்ளுவின் வாய் நாற்றத்தை நான் ஐந்து வருடம் "நாய்னா அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாற்றம் திடீரென்று வந்தாலோ, விதம் மாறினாலோ வேறு காரணமும் இருக்கலாம். மூத்திர நெடி அடித்தால் சிறுநீரகத்தையும், அழுகிய பழம் மாதிரி இனிப்பு வாடை வந்தால் சர்க்கரை நோயையும் சோதிக்க வேண்டும். இன்னொன்று, மேல் அண்ணத்தில் இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே ஒரு குச்சித் துண்டோ எலும்புத் துண்டோ குறுக்காகச் சிக்கிக்கொள்ளும். முந்தாநாள் வரை நன்றாக இருந்த நாய் முன்காலால் வாயைப் பிராண்டிக்கொண்டே இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

பல்லுல மஞ்சளா பழுப்பா இருக்கே, அது வெறும் கறைதானே?

தொட்டுப் பாருங்கள். நகத்துக்குக் கல் மாதிரி கெட்டியாகத் தட்டுப்பட்டால் அது காரை. சாப்பிட்ட சில மணி நேரத்தில் பல்மேல் கண்ணுக்குத் தெரியாத பிசுபிசுப்பான படலம் உருவாகும். அதில் பெரும்பாலும் கிருமிகள். ஒரு நாளைக்குள் அது நன்றாகப் பரவிவிடும். துடைக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதன்மேல் படிந்து இரண்டு மூன்று நாளில் இறுகத் தொடங்கும். படலத்தைத் துணியால்கூடத் துடைத்துவிடலாம். இறுகிய காரை எந்தப் பிரஷ்ஷுக்கும் அசையாது. இந்த இரண்டு மூன்று நாள் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

காரையைக் கண்டுகூடப் பயப்பட வேண்டாம் என்பேன். அதன் கீழ் ஓரத்தில் ஈறு எந்த நிறத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. வெளிர் ரோஜா நிறம் என்றால் சரி. பல்லை ஒட்டி ஒரு சிவப்புக் கோடு தெரிந்தால் ஈறு வீங்கத் தொடங்கிவிட்டது. இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். அதைத் தாண்டி எலும்பு கரையத் தொடங்கினால், இருப்பதைக் காப்பாற்றலாமே தவிர போனது திரும்பாது. மூன்று வயதுக்குள்ளேயே பெரும்பாலான நாய்களுக்கு இந்த நோய் ஏதாவது ஒரு கட்டத்தில் தொடங்கியிருக்கும். (கறுப்பு ஈறு உள்ள நாய்களும் உண்டு. அவற்றுக்கு நிறத்தைவிட வீக்கத்தையும் ரத்தக் கசிவையும் பாருங்கள்.)

நாய்க்கும் சொத்தைப் பல் வருமா?

வரும், ஆனால் அபூர்வம். நாயின் எச்சிலில் காரத்தன்மை நம்முடையதைவிட அதிகம். அது பல்லை அரிக்கும் அமிலத்தை மட்டுப்படுத்துகிறது. அதே காரத்தன்மைதான் காரை சீக்கிரம் படியவும் காரணம். அதனால் நாய்க்குப் பல்லில் ஓட்டை விழுவதைவிட, ஓட்டையே இல்லாத பல் வேரோடு ஆடிப்போவதுதான் வழக்கம். "பல்லு முழுசாத்தானே இருக்கு" என்று ஏமாந்துபோவது இதனால்தான்.

குட்டிக்கு எப்படியும் பல்லு விழுந்து முளைக்கப்போகுது. அப்புறம் ஆரம்பிச்சா போதாதா?

பால் பற்கள் 28. மூன்று வாரத்திலிருந்து அரிசி அரிசியாக முளைக்கும். நான்கு மாத வாக்கில் விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் நிரந்தரப் பற்கள் முழுவதும் வந்துவிடும். பால் பல்லுக்காகத் தேய்க்க வேண்டியதில்லை, பழக்கத்துக்காகத் தொட வேண்டும். எட்டு வாரக் குட்டியின் உதட்டைத் தினம் ஒருமுறை தூக்கிப் பார்த்து, ஈறை விரலால் லேசாகத் தடவினால் போதும். நான்கிலிருந்து ஆறு மாதம் வரை ஈறு வலிக்கும். அந்தச் சமயத்தில் பிரஷ்ஷைத் திணித்தால் பிரஷ் என்றாலே வலி என்று அதன் மனதில் பதிந்துவிடும். அப்போது ஈரத்துணி மட்டும் போதும்.

வளர்ந்த நாய் என்றால் தாமதமாகிவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். மின்னு என்னிடம் வந்தபோது அவளுக்கு மூன்றரை வயது. பழக ஆறு வாரம் ஆனது.

கோரைப்பல் பக்கத்துலயே இன்னொரு கோரைப்பல் ரெட்டையா இருக்கு. தானா விழுந்துடுமா?

சின்ன நாய்களில் இது மிகவும் சகஜம். நிரந்தரக் கோரைப்பல் வந்த பிறகும் பால் கோரைப்பல் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரே இடத்தில் ஒரே வகைப் பல் இரண்டு நிற்கக் கூடாது என்பதுதான் மருத்துவர்கள் வைத்திருக்கும் விதி. இரண்டும் சேர்ந்து நின்றால் நடுவில் முடியும் சோறும் சிக்கி அங்கேதான் முதலில் ஈறு கெடும். புதுப் பல் கோணலாகி, கீழ்க் கோரைப்பல் மேல் அண்ணத்தில் குத்தவும் செய்யும்.

பால் பல்லின் வேர் நீளமாக, மெல்லியதாக இருக்கும். ஆட்டிப் பிடுங்கப் பார்த்தால் உள்ளே முறிந்துவிடும். கட்டாயம் வீட்டில் முயல வேண்டாம். பலர் இதைக் கருத்தடை அறுவை சிகிச்சையின்போது அதே மயக்கத்தில் எடுக்கச் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பல் ஏற்கெனவே அண்ணத்தில் குத்துகிறது என்றால் அதுவரை காத்திருக்கக் கூடாது.

எப்படித் தேய்க்கிறது? வாயைத் திறக்கவே மாட்டேங்குது.

வாயைத் திறக்கவே வேண்டாம். என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் வாயைப் பிளந்து உள்ளே பிரஷ்ஷை விடப் பார்த்துத் தோற்றுப்போனவர்கள். வாய் மூடியிருக்கட்டும். உதட்டை மட்டும் தூக்குங்கள். பற்களின் வெளிப்பக்கம், அதாவது கன்னத்தைத் தொடும் பக்கம்தான் நம் வேலை. உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். வெளிப்பக்கத்திலும் மேல்வரிசையில் பின்னால் இருக்கும் பெரிய பல்தான் முதல் இலக்கு. எச்சில் சுரப்பியின் வாய் அதன் எதிரில்தான் திறக்கிறது, அதனால் காரை அங்கேதான் கெட்டியாகப் படியும். கண்ணுக்கு நேர் கீழே உதட்டின் ஓரத்தைப் பின்னால் இழுத்தால் தெரிந்துவிடும். அன்றைக்கு ஒரே ஒரு இடம்தான் தேய்க்க முடிந்தது என்றால் அது இரண்டு பக்கமும் அந்தப் பல்லாக இருக்கட்டும்.

பழக்கும் முறை: முதல் வாரம் உதட்டைத் தூக்கி, விட்டு, உடனே அதற்குப் பிடித்த ஏதாவது ஒரு துணுக்கு. இரண்டாம் வாரம் சுத்தமான பருத்தித் துணியை விரலில் சுற்றி, கோழி வேகவைத்த தண்ணீரில் நனைத்துப் பல்லைத் துடையுங்கள் (அந்தத் தண்ணீரில் உப்பு, வெங்காயம், பூண்டு இருக்கக் கூடாது). அப்புறம் நாய்க்கான பேஸ்ட்டை விரலில் வைத்து நக்கவிடுங்கள். அதற்குப் பிறகுதான் பிரஷ். கைக்குழந்தைகளுக்கான மிக மென்மையான சின்னத் தலை பிரஷ் சின்ன நாய்க்குக் கச்சிதம். பிரஷ்ஷின் நார்கள் ஈறும் பல்லும் சேரும் கோட்டைப் பார்த்துச் சாய்ந்திருக்கட்டும், சின்னச் சின்ன வட்டமாக அசையுங்கள். ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம் போதும். முதல் சில நாள் பிரஷ்ஷில் லேசாக ரத்தம் தெரியலாம். வீங்கிய ஈறு அப்படித்தான், தினமும் தேய்த்தால் குறையும். ஒரு வாரத்துக்கு மேலும் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எப்படி உட்காருவது என்பதும் முக்கியம். முன்னால் நின்று குனிந்தால் நாய் மிரளும். பக்கத்தில் உட்கார்ந்து, அது உங்கள் மேல் சாய்ந்த மாதிரி இருக்கட்டும். மல்லாக்கப் போட்டு அமுக்க வேண்டாம். கழுத்தைப் பிடிக்கவே வேண்டாம். பொமரேனியன் போன்ற நாய்களுக்கு மூச்சுக்குழாய் மென்மையானது, கழுத்தை நெரித்தால் இருமல் பிடித்துக்கொள்ளும். உறுமினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, முந்தைய படிக்குத் திரும்புங்கள். நான் சாயங்கால நடைக்குப் பிறகு, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று நேரம் வைத்திருக்கிறேன். தட்டு கழுவும் சத்தம் கேட்டதும் மின்னு தானே வந்து பாயில் உட்கார்ந்துவிடுவாள்.

தினமும் எங்க முடியுது? ஞாயித்துக்கிழமை ஒரு தடவை நல்லா அழுத்தித் தேய்ச்சா?

மேலே சொன்ன இரண்டு மூன்று நாள் கணக்கைப் பாருங்கள். வாரம் ஒருமுறை தேய்த்தால், ஏற்கெனவே இறுகிய காரையின் மேல் தேய்க்கிறீர்கள். அழுத்தினால் ஈறுதான் புண்ணாகும். தினம் ஒருமுறை நல்லது. முடியவே முடியாது என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். அதற்குக் கீழே போனால் பலன் மிகவும் குறைந்துவிடும். ஞாயிறு பத்து நிமிடத்தை ஏழு நாளைக்குப் பிரித்துக்கொள்ளுங்கள், நாய்க்கும் அதுதான் பிடிக்கும்.

நம்ம பேஸ்ட்டையே ஒரு துளி வச்சா என்ன?

வேண்டாம். நாய்க்குத் துப்பத் தெரியாது, அவ்வளவும் வயிற்றுக்குள் போகும். நம் பேஸ்ட்டில் உள்ள ஃப்ளூரைடும் நுரை தரும் பொருளும் விழுங்குவதற்கானவை அல்ல. இதைவிடப் பெரிய ஆபத்து சைலிடால் என்ற இனிப்பு. சில பேஸ்ட்டுகளிலும், சர்க்கரை இல்லாத சூயிங்கம்களிலும், மவுத் வாஷிலும் இருக்கும். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. நாயின் உடம்பு அதைக் கண்டதும் இன்சுலினைக் கொட்டிவிடும், ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு வரலாம், அளவு கூடினால் ஈரலும் போகும். மூன்று கிலோ நாய்க்கு ஒன்றிரண்டு சூயிங்கமே ஆபத்தாகலாம். தெரியாமல் தின்றுவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல், அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நாய்க்கான பேஸ்ட் மருந்துக் கடையிலும் செல்லப்பிராணிக் கடையிலும் கிடைக்கிறது. கோழி, மாட்டிறைச்சி, புதினா என்று சுவை வேறு. பேஸ்ட் கிடைக்காத ஊரில் வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷ் போதும். சுத்தம் செய்வது தேய்ப்பு. பேஸ்ட் நாயைச் சம்மதிக்க வைக்கத்தான் அதிகம் உதவுகிறது.

வேப்பங்குச்சி, உப்பு, மஞ்சள், கிராம்பு எண்ணெய்? பாட்டி காலத்துல இதெல்லாம்தானே?

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று நாமும் சொல்லி வளர்ந்தவர்கள்தான் (அந்த வேல், வேம்பு அல்ல, கருவேல்). ஆனால் நாம் குச்சியின் நுனியை மென்று நாராக்கி அந்த நாரால் தேய்ப்போம். நாய் குச்சியைக் கடித்துச் சிம்பு சிம்பாக்கி விழுங்கும். நாற்றம் பற்றிய பதிலில் சொன்ன மாதிரி அண்ணத்தில் சிக்கும், தொண்டையிலும் குத்தும்.

உப்பு சின்ன உடம்புக்கு அதிகம். சமையல் சோடாவும் அப்படியே. கிராம்பு எண்ணெய் ஈறைப் பொத்துப்போக வைக்கும், உள்ளே போனால் நல்லதல்ல. மஞ்சள் கெடுதல் செய்யாது, வெள்ளை முடியை மஞ்சளாக்கும். தேங்காய் எண்ணெய் ஒரு துளி வைத்துத் தேய்ப்பதில் தப்பில்லை, பலன் தேய்ப்பதால்தான். சின்ன நாய்க்குக் கொழுப்பு அதிகமானால் கணையத்துக்கு ஆகாது என்பதால் ஸ்பூன் கணக்கில் ஊற்ற வேண்டாம்.

எலும்பு கொடுத்தா பல்லு தானா சுத்தமாயிடும்னு கசாப்புக் கடைக்காரர் சொல்றாரு.

ஆட்டு நல்லி எலும்பைக் கடிக்கும் நாயின் பல்லில் காரை கொஞ்சம் உதிர்வது உண்மைதான். கூடவே பல்லும் உடையும். மேல்வரிசையின் அந்தப் பெரிய பல்தான் எலும்பு கடிக்கும் பல். அதன் வெளிப்பக்கம் ஒரு சில்லாகப் பெயர்ந்து உள்ளே நரம்பு வெளியே தெரிந்துவிடும். வேகவைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். சூப்பில் போட்ட வளைய எலும்பு கீழ்த்தாடையில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொள்வதும் நடக்கும்.

கடிக்க எதைக் கொடுத்தாலும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சமாவது பதிய வேண்டும். பதியவில்லை என்றால் அது பல்லைவிடக் கெட்டி. கொம்பு, குளம்பு, கருங்கல், கெட்டி நைலான் எல்லாம் இந்தக் கணக்கில் வெளியே போய்விடும்.

எங்க வீட்டுல தயிர் சாதம்தான். டிரை ஃபுட்டுக்கு மாத்தினா பல்லு சரியாகுமா?

சாதாரண டிரை ஃபுட் பல் நுனி பட்டதும் பொடிந்துவிடும். ஈறு ஓரத்தை அது தொடுவதே இல்லை. நாம் முறுக்கு தின்றால் பல் சுத்தமாகுமா? அந்த மாதிரிதான். பல்லுக்கென்றே நார்ச்சத்து சேர்த்துப் பெரிய துண்டாகச் செய்யும் உணவுகள் உண்டு, பல் முழுவதும் உள்ளே இறங்கிய பிறகுதான் அவை உடையும். அவை ஓரளவு உதவும்.

தயிர் சாதம், பால் சாதம் ஈறோடு ஒட்டிக்கொள்ளும், உண்மை. ஆனால் நாய்க்கு வெறும் தயிர் சாதத்தின் பெரிய குறை புரதம் போதாதது. அதை மருத்துவரிடம் பேசிச் சரிசெய்யுங்கள். பல்லுக்கு நான் முதலில் நிறுத்தச் சொல்வது டீயோடு பங்கு போடும் பிஸ்கட்டைத்தான். மாவும் சர்க்கரையும் இடுக்கில் பசை மாதிரி அப்பிக்கொண்டு அடுத்த வேளை வரை அங்கேயே இருக்கும்.

தண்ணில கலக்குற மருந்து, ஸ்பிரே, டென்டல் ஸ்டிக், இதெல்லாம் காசுக்குப் பிடிச்ச கேடா?

எல்லாம் அல்ல. அமெரிக்காவில் 1997-இல் தொடங்கிய கால்நடை வாய்நலக் குழு ஒன்று இருக்கிறது, சுருக்கமாக வி.ஓ.எச்.சி. ஒரு பொருள் படலத்தையோ காரையையோ குறைக்கிறது என்று சோதனை முடிவுகளைக் காட்டினால் அது தன் முத்திரையைக் கொடுக்கும். வெளிநாட்டுப் பொருள் வாங்கினால் அட்டையில் அந்த முத்திரையைத் தேடுங்கள். முத்திரை இல்லாததெல்லாம் மோசம் என்று பொருளல்ல, ஆனால் "100 சதவீதம் காரை நீக்கும்" என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். இறுகிய காரை தண்ணீரில் கரையாது.

ஸ்டிக் வாங்கும்போது உங்கள் நாயின் எடைக்கு உள்ள அளவையே வாங்கி, கையில் பிடித்துக்கொண்டு கடிக்க விடுங்கள். சின்ன நாய்கள் அவசரத்தில் பாதியை முழுதாக விழுங்கி மூச்சு திணறும். அதன் கலோரியையும் சாப்பாட்டில் கழியுங்கள்.

குரூமிங் கடையில மயக்க மருந்து இல்லாமலே ஸ்கேலிங் பண்றாங்களாமே?

பப்ளுவுக்கு 6 வயதில் நானும் அப்படி ஒரு இடத்தில் செய்தேன். வெளியே வந்தபோது பல் முத்து மாதிரி இருந்தது. இரண்டு வருடம் கழித்து 14 பல் போனது. அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

ஈறு நோய் நடப்பது ஈறுக்கு அடியில், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பையில். விழித்திருக்கும் நாய் அங்கே கருவியை விட அனுமதிக்காது. அதனால் கண்ணுக்குத் தெரியும் மேல்பகுதியை மட்டும் சுரண்டுகிறார்கள். பார்க்க அழகாகிவிடுவதால் நாம் நிம்மதியாகிவிடுவோம், அடியில் நோய் தொடரும். சுரண்டிய பல்லைப் பாலிஷ் செய்யாமல் விட்டால் மேற்பரப்பு சொரசொரப்பாகி முன்பைவிட வேகமாகக் காரை பிடிக்கும். நாய் திடீரென்று தலையை ஆட்டினால் கூர்மையான கருவி எங்கே படும் என்று யோசியுங்கள். பிடித்து அமுக்கிவைத்த அந்தப் பயத்தில், அதன் பிறகு வாயைத் தொடவே விடாத நாய்களும் உண்டு. பப்ளு அப்படித்தான் ஆனான்.

ஆனா மயக்க மருந்துன்னா பயமா இருக்கே. எங்க நாய்க்குப் பத்து வயசு.

பயம் நியாயமானது. வயது மட்டும் தடையல்ல, இதயம், சிறுநீரகம், ஈரல் எப்படி இருக்கின்றன என்பதுதான் கணக்கு. வயதான சின்ன நாய்களுக்கு இதய வால்வு தளர்வது அதிகம், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து அதை முன்கூட்டியே கேட்டுப் பார்த்து மருத்துவர் மருந்தைத் தேர்ந்தெடுப்பார். நோயுள்ள வாயை அப்படியே விடுவதும் இலவசமல்ல. வீங்கிய ஈறு வழியாகக் கிருமிகள் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும், வலியும் தினமும் இருக்கும்.

போகும் முன் இவற்றைக் கேளுங்கள்: ரத்தப் பரிசோதனை செய்வீர்களா? மூச்சுக்குழாயில் டியூப் போடுவீர்களா? (ஸ்கேலிங் கருவி தண்ணீரைப் பீய்ச்சும். டியூப் இருந்தால்தான் அது நுரையீரலுக்குள் போகாது.) மயக்கத்தில் இருக்கும்போது மூச்சையும் நாடியையும் தனியாக ஒருவர் கவனிப்பாரா? பல் எக்ஸ்ரே உண்டா? உடம்பைச் சூடாக வைக்க என்ன செய்வீர்கள்? சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். மிகச் சின்ன நாய்களை நீண்ட நேரம் பட்டினி போட்டால் சர்க்கரையும் இறங்கும், அதனால் எத்தனை மணிக்குக் கடைசிச் சாப்பாடு என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பக், ஷிட்சூ என்றால் முழுதாக விழிக்கும்வரை டியூபை எடுக்காமல் பார்த்துக்கொள்வார்களா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்லும் இடத்துக்குப் போங்கள். தனியார் இடங்கள் கட்டுப்படியாகவில்லை என்றால் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் விசாரியுங்கள்.

நல்லாத்தான் சாப்பிடுது. வலி இருந்தா சாப்பிடுமா?

சாப்பிடும். பசி வலியைவிடப் பெரியது, வலியைக் காட்டிக்கொள்வது நாயின் இயல்பும் அல்ல. சாப்பாட்டை நிறுத்தும் அளவுக்கு வந்தால் நிலைமை ரொம்ப முற்றிவிட்டது. அதற்கு முன்பே சின்னச் சின்ன மாற்றங்கள் தெரியும். ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மெல்லும். வாயில் எடுத்ததைக் கீழே போட்டு மறுபடி எடுக்கும். மெல்லாமல் விழுங்கும். பொம்மையை இழுத்து விளையாடுவதை விட்டுவிடும். கன்னத்தைத் தொட்டால் விலகும். ஒரு பல் மட்டும் ஊதாவாகவோ சாம்பலாகவோ மாறியிருந்தால் பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்துவிட்டது என்று பொருள்.

பப்ளு 7 வயதில் "பெரிய மனுஷனாயிட்டான், அமைதியாயிட்டான்" என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். பற்களை எடுத்த பத்தாம் நாள் அவன் வீடு முழுக்கப் பந்தைத் துரத்தினான். அவனுக்கு இருந்தது வயசு இல்லை, வலி என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கண்ணுக்குக் கீழ வீங்கியிருக்கு, குளவி கொட்டியிருக்குமோ?

கொட்டியும் இருக்கலாம். ஆனால் கண்ணுக்கு நேர் கீழே ஒரு பக்கம் மட்டும் வீங்கி, மாத்திரை கொடுத்தால் வடிந்து, சில வாரத்தில் மறுபடி வந்தால் அது பல். நாம் திரும்பத் திரும்பப் பேசும் அந்த மேல்வரிசைப் பெரிய பல்லுக்கு மூன்று வேர்கள், அவை கண்ணுக்குக் கீழேதான் முடிகின்றன. அங்கே சீழ் கட்டினால் கன்னம் வீங்கும், சில சமயம் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வழியும். ஆன்டிபயாடிக் தற்காலிகம். பல்லை எடுப்பதோ வேர் சிகிச்சையோதான் தீர்வு.

இதேபோல் ஏமாற்றும் இன்னொன்று, ஒரு பக்க மூக்கு மட்டும் ஒழுகுவதும் ஓயாத தும்மலும். மேல் கோரைப்பல்லின் வேருக்கும் மூக்குக்கும் நடுவே எலும்பு காகிதம் மாதிரி மெல்லியது. ஈறு நோய் அதை அரித்தால் வாய்க்கும் மூக்குக்கும் வழி திறந்துவிடும். டாக்ஸண்ட் வைத்திருப்பவர்கள் இதைக் குறிப்பாகக் கவனியுங்கள். எங்கள் குடியிருப்பு டாக்ஸண்ட்டுக்கு ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வருடம் ஏசியே போடாமல் இருந்தார்கள்.

தத்தெடுத்த நாய். காரை மாதிரி இல்ல, பல்லே குழி குழியா பழுப்பா இருக்கு.

குட்டியாக இருந்தபோது டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து பிழைத்திருக்கலாம். நிரந்தரப் பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் மாதங்களில் அந்த வைரஸ், பல்லின் மேல் ஓடான எனாமலைச் செய்யும் செல்களைத் தாக்கும். கடுமையான காய்ச்சலும் இதைச் செய்யும். எனாமல் இல்லாத இடம் சொரசொரப்பாக இருக்கும், கூச்சம் இருக்கும், காரை சீக்கிரம் பிடிக்கும். இது உங்கள் கவனக்குறைவு அல்ல. இந்த நாய்களுக்கு மிக மென்மையான பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர், ஒருநாளும் தவறாத பழக்கம். குழிகளை அடைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

ராத்திரியில வலிக்குதுன்னா நம்ம மாத்திரையில கால்வாசி கொடுக்கலாமா?

கூடாது. ஐபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமாலும் சின்ன உடம்பில் எளிதில் அளவு மீறி ஈரலைப் பாதிக்கும். அன்றிரவு மென்மையான சாப்பாடு, கடிக்க எதுவும் இல்லை, காலையில் முதல் ஆளாக மருத்துவர்.

இத்தனை பல்லை எடுத்துட்டா அப்புறம் எப்படிச் சாப்பிடும்? பாவமில்லையா?

இந்தக் கேள்வியை அழுதுகொண்டே கேட்டவர்கள் இருக்கிறார்கள். நானும் அழுதேன். நாய் நம்மைப் போல் அரைத்து மெல்லும் பிராணி அல்ல. சின்னத் துண்டாக, குழைவாகக் கொடுத்தால் பல்லே இல்லாத நாயும் வயிறாரச் சாப்பிடும். சீழ் பிடித்து ஆடும் பல்லோடு சாப்பிடுவதுதான் அதற்குக் கஷ்டம்.

தையல் ஆற இரண்டு வாரம் ஆகும். அதுவரை மசித்த சாப்பாடு, கெட்டிப் பொம்மைகள் இல்லை, மீதமுள்ள பற்களில் மருத்துவர் சொல்லும் நாளிலிருந்து பிரஷ். கீழ்க் கோரைப்பல்லை எடுத்தால் அந்தப் பக்கம் நாக்கு கொஞ்சம் வெளியே சரியும், அதில் வலி எதுவும் இல்லை. பப்ளுவுக்கு மூன்றாம் நாள் கோழியும் சாதமும் மசித்து வைத்தேன். தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று முன்காலால் தட்டை என் பக்கம் தள்ளினான். அதற்குப் பிறகு ஐந்து வருடம், நாக்கு இடப்பக்கம் சரிந்தபடியே, ஒருவேளைகூட அவன் தட்டில் மிச்சம் வைத்ததில்லை.